கணக்கு இருக்கிறது, கதவு திறக்கவில்லை!

1979ல் பீகார் சிறைகளில் விசாரணையே இன்றி வருஷக் கணக்கில் வாடியவர்களின் விவரம் பத்திரிகையில் வந்தது. குற்றம் ருசுவானால் கிடைக்கும் தண்டனையைவிட அதிக காலம் உள்ளே கிடந்தவர்களும் அதில் உண்டு. வக்கீல் கபிலா ஹிங்கோரானி அந்த விவரத்தையே ஆதாரமாக்கி சுப்ரீம் கோர்ட் ஏறினார். ஆயிரக்கணக்கானோர் வெளியே வந்தனர்.

பிறகு? சர்க்காரே ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது. 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள்! இவர்களெல்லாம் ஆலை முதலாளிகளா? ஜாமீன் உத்தரவு கையிலிருந்தும் ஜாமீன்தாரர் கிடைக்காத ஏழைகளும் இதில் அடக்கம்.

2024 ஜூலையில் அமலுக்கு வந்த சட்டம், முதல் முறை குற்றம் சாட்டப்பட்டவர் அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் சிறையில் இருந்துவிட்டால் ஜாமீனில் விடச் சொல்கிறது. (தூக்கு, ஆயுள் தண்டனைக் குற்றங்கள் முதலிய சில விலக்குகள் உண்டு, மறுக்கவில்லை.) கோர்ட்டுக்கு எழுத வேண்டியவர் சிறை சூப்பிரண்டெண்டே. அந்தக் காலம் கடந்தவர் எத்தனை பேர்? எழுதியது எத்தனை பேருக்கு? சிறைவாரியாக மாதாமாதம் பட்டியல் வேண்டும் என்கிறோம். கைதிக்கு எத்தனை கிராம் அரிசி என்று கணக்கு வைத்திருக்கும் இலாகாவுக்கு இது முடியாதா? பட்டியலை வெளியிடுங்கள், மனுப் போட நாங்கள் ஆள் அனுப்புகிறோம்.