உபதேசம் போதாது, வைத்தியம் வேண்டும்!

எய்ட்ஸ் தடுப்பு என்று கிராமத்தில் பேச்செடுத்தால், முதலில் வருவது ஒழுக்க உபதேசம். கெட்டவர்களுக்கு வரும் வியாதி என்று ஒரே வரியில் தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். இத்தீர்ப்பை நாம் ஏற்க முடியாது. செங்கல் சூளைக்கும், கரும்பு வெட்டுக்கும், லாரி ஓட்டவும் மாதக்கணக்கில் ஊரை விட்டுப் போகிறவர்கள் வயிற்றுப்பாட்டுக்காகப் போகிறார்கள். அப்படிப் போனவர் ஒருவருக்குத் தொற்று ஏற்பட்டால், அது ஊரை விட்டு நகராத மனைவிக்கும், அவள் வயிற்றுக் குழந்தைக்கும் போகிறது. அவர்கள் செய்த குற்றம் என்ன?

டான்சானியா நாட்டின் முவான்சா பகுதியில் 1991-ல் ஒரு சோதனை தொடங்கியது. 12 கிராமப்புற வட்டாரங்களில் ஆறை எடுத்துக்கொண்டு, அங்கிருந்த சாதாரண சுகாதார நிலையங்களின் ஊழியர்களுக்கு மேகவியாதி சிகிச்சையில் பயிற்சி தந்தார்கள், மருந்து தடையின்றிக் கிடைக்கச் செய்தார்கள், மேற்பார்வையும் வைத்தார்கள். இரண்டு ஆண்டுகளில், புதிய எச்.ஐ.வி. தொற்று மற்ற ஆறு வட்டாரங்களைவிடச் சுமார் 40 சதவீதம் குறைவாக இருந்தது. புண் உள்ள உடலில் கிருமி எளிதில் நுழைகிறது. புண்ணை ஆற்றினால் அந்த வழி அடைபடுகிறது. பிற்காலத்தில் உகாண்டாவில் நடந்த சோதனைகளில் இதே பலன் கிட்டவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் மேகவியாதி சிகிச்சை தன்னளவிலேயே அவசியமானது. கர்ப்பிணியின் கிரந்தி நோயைக் கவனியாது விட்டால் குழந்தை செத்துப் பிறக்கலாம். உரிய காலத்தில் பென்சிலின் ஊசி போட்டால் காப்பாற்றலாம்.

நம் நாட்டில் 1986-ல் சென்னையில்தான் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது. 2004 ஏப்ரலில் அரசு கூட்டு மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கியது. அம்மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி தென்படாத நிலையை அடைந்து அதில் நிலைத்திருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று பரவுவதில்லை. சம்மதமின்றிப் பரிசோதிக்கவும், ரகசியத்தை வெளியிடவும், வேலையை விட்டு நீக்கவும் 2017-ம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது.

மருந்து இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. ஆனால் நாற்று நடப் போகும் பெண், பரிசோதனைக்காக டவுனுக்குப் போனால் ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும் போகும். போன இடத்தில் மருந்து இல்லை, நாளை வா என்றால் மறுமுறை போவாளா? ஊழியர் நாலு பேர் முன்னிலையில் வியாதியின் பெயரைச் சொன்னால் அவள் ஊரில் தலைநிமிர முடியுமா?

ஆகவே நாம் கோருவது இதுதான்: ஆரம்ப சுகாதார நிலையம்தோறும் பரிசோதனை, மேகவியாதி மருந்து, ஆணுறை ஆகியவை எந்நாளும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். தனியாகப் பேச ஓர் அறை வேண்டும். ஒப்பந்தத்தில் உழலும் ஆலோசகர்களையும் பரிசோதனை ஊழியர்களையும் நிரந்தரமாக்க வேண்டும். மாதர், விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் தத்தம் ஊர் நிலையத்துக்கு நேரில் சென்று, மருந்து இருப்பைக் கேட்டறிந்து, இல்லையென்றால் உடனே மனுக் கொடுக்க வேண்டும். தொற்றுள்ள குடும்பத்தை ஊர் ஒதுக்க முனைந்தால், அக்குடும்பத்தின் பக்கம் முதலில் போய் நிற்பவர்கள் நாமாக இருக்க வேண்டும்.