யாருடைய நெஞ்சுக்கூடு ‘நார்மல்’?

நாமகிரிப்பேட்டை என்றதும் இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று மஞ்சள், இன்னொன்று நாகஸ்வர வித்வான் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன். அங்கே மஞ்சள் பாலிஷ் போடும் தூசியிலேயே வேலை பார்க்கும் ஒருவர், மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என வைத்துக்கொள்வோம். கையில் ஒரு குழாயைக் கொடுத்து, “நல்லா இழுத்து, பலமா ஊதுங்க” என்பார்கள். இதுதான் ஸ்பைரோமெட்ரி. ‘நார்மலில் 80 சதவீதம்’ என்று ரிப்போர்ட் வரும். சரி, அது யாருடைய நார்மல்?

கருவி போடும் கணக்கு

வயது, பாலினம், உயரம் ஆகியவற்றோடு ‘இனம்’ என்ற பெட்டியையும் கருவி கேட்கும். வெள்ளையரை முழு அளவாக வைத்து, கறுப்பின அமெரிக்கர்களுக்கு 10 முதல் 15 சதவீதமும், ஆசியர்களுக்கு 4 முதல் 6 சதவீதமும் குறைப்பது நீண்டகால வழக்கம். 2012-ல் வந்த ஜிஎல்ஐ என்ற சர்வதேச அளவுகோலிலும் இந்தியர்களுக்குத் தனிப் பிரிவு கிடையாது. நமக்கு மிஞ்சியது ‘மற்றவர்கள்’ பெட்டிதான். 2023-ல் அமெரிக்கன் தொராசிக் சொசைட்டி, இனம் பார்க்காத பொது அளவுகோலுக்கு மாறச் சொன்னது.

உடல்வாகு மட்டும்தான் காரணமா?

ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளம், உடம்பு குட்டை என்றால், அவருடைய நெஞ்சுக்கூட்டில் நுரையீரலுக்கு இடம் குறைவு. இது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. கறுப்பின, வெள்ளை அமெரிக்கர்களை ஒப்பிட்ட 2001-ம் ஆண்டு ஆய்வில், உட்கார்ந்த உயரம் விளக்கியது வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மட்டுமே. சிறுவயது ஊட்டச்சத்து, அடுப்புப் புகை, அடிக்கடி வந்த சளிக்காய்ச்சல் ஆகியவையும் நுரையீரலின் வளர்ச்சியைக் குறைக்கும்.

ஆண்டீஸ் மலைவாசிகளுக்கு நெஞ்சு அகலமாகவும் ஆழமாகவும் இருக்கும். அவர்களைப் போலவே உயரத்தில் வாழும் திபெத்தியர்களிடம் அந்த மாற்றம் அவ்வளவாக இல்லை. அவர்கள் கூடுதலாக மூச்சு விட்டுச் சமாளிக்கிறார்கள். ‘ஆசியர்’ என்று ஒரு டிக் அடித்தால் இதெல்லாம் தெரியுமா?

இரண்டு பக்கமும் அடி

மேலைநாட்டு அளவை அப்படியே வைத்தால், நன்றாக இருக்கும் தொழிலாளிக்கு ‘நுரையீரல் சுருக்கம்’ என்று முத்திரை விழும், வேலையே போகலாம். ‘இந்தியர்னா இவ்ளோதான்’ என்று குறைத்தால், தூசி தின்ற நுரையீரலும் நார்மல் ஆகிவிடும். நிவாரணம் கேட்டுப் போனால் அந்த ரிப்போர்ட்டே எதிர்சாட்சி.

என்ன செய்யலாம்?

சிடி ஸ்கேன்களில் ஒவ்வொரு விலா எலும்பிலும் புள்ளிகள் குறித்து, 12 ஜோடியின் வளைவையும் சாய்வையும் கணினியில் மாதிரியாக்கும் முறை ஏற்கெனவே இருக்கிறது. அதில் சேலம், நாமக்கல் உடம்புகளும், லடாக், நாகாலாந்து உடம்புகளும் இடம்பெற வேண்டும். அளவுகோலுக்கு எடுப்பவர்கள் நல்ல சாப்பாட்டோடு, புகை இல்லாமல் வளர்ந்தவர்களாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதிப்பையே அளவுகோலாக்கி விடுவோம்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு ஸ்டூலும் டேப்பும் இருந்தால் உட்கார்ந்த உயரத்தை அளந்துவிடலாம். வேலைக்குச் சேரும்போது ஒரு டெஸ்ட், பிறகு வருஷத்துக்கு ஒன்று எடுத்து, தொழிலாளியை அவருடைய பழைய மூச்சோடு ஒப்பிடலாம். அதற்கு எந்த இனப் பெட்டியும் வேண்டாம்.