தண்ணீருக்குத் தன் வழி தெரியும், நமக்குத் தெரியுமா?

மாரி தொடங்கினால் நம் கிராமங்களில் இரண்டு பேச்சுக்கள் எழும். "இந்த முறை குளம் நிரம்பும்" என்பது ஒன்று. "இந்த முறை எங்கே ஓடுவது?" என்பது மற்றது. மழையை நம்பி வாழும் கமக்காரரே மழைக்கு அஞ்சி வாழ்வது ஏன்?

போர்க்காலத்தில் நாம் பணியாற்றிய ஒரு நலன்புரி நிலையம் வெறும் தரவையில் அமைக்கப்பட்டது. கோடையில் அது நல்ல இடமாகவே தெரிந்தது. வேறு ஊரிலிருந்து இடம்பெயர்ந்து வந்திருந்த ஒரு முதியவர், ஓரத்தில் நின்ற மருதமரங்களைக் காட்டி, "சுவாமி, மருது நிக்கிற இடம் தண்ணியின்ர இடம். இதில கொட்டில் போடாதையுங்கோ" என்றார். வேறு காணி இல்லை என்று சொல்லிக் கொட்டில்களைப் போட்டோம். கார்த்திகையில் ஓரிரவு, இடுப்பளவு தண்ணீரில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக்கு ஓடினோம். அறிக்கையில் 'இயற்கை அனர்த்தம்' என்று எழுதினோம். அந்தப் பெரியவரின் சொல்லை நாம் கேளாததை எழுதவில்லை.

மழையும் காற்றும் இயற்கையின் செயல்கள். அவை அழிவாக மாறுவது, மனிதர் எங்கே, எத்தகைய வீட்டில், எந்த நிலையில் வாழ்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் 900க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கல்வீட்டையும் கிடுகு வீட்டையும் ஒரே காற்றுத்தான் அடித்தது. ஆனால் இரண்டும் ஒரேமாதிரித் தாங்கவில்லை. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அது மாரிகாலமல்ல, சித்திரை மாதம். 2025 நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' புயலின்போது மலைநாட்டுச் சரிவுகளில் வாழ்ந்தவர்களை மண் மூடியது. இதைக் கடவுளின் தண்டனை என்போர் உளர். தண்டனையென்றால் அது ஓலைக் கொட்டிலில் இருப்பவரைத் தேடியா வரும்?

இடம்பெயர்ந்தபோது நாம் இழந்தவற்றைப் படிவங்களில் எழுதினோம்: வீடு, வயல், மாடுகள், விதைநெல். எந்தப் படிவத்திலும் எழுதாத இழப்பு ஒன்று உண்டு. அதுதான் ஊரைப் பற்றிய அறிவு. நம் முன்னோர் அந்த அறிவை ஊர்ப்பெயர்களிலேயே வைத்துச் சென்றார்கள். தாழ்வு, பள்ளம், மடு, மோட்டை என்றால் அங்கே தண்ணீர் தங்கும். திட்டி, பிட்டி, மேடு என்றால் அங்கே மனிதர் தங்கலாம். முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இப்பெயர்கள் வெறும் ஒலிகளே. 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் வந்தபோது, மீளக் குடியமர்ந்த குடும்பங்கள் மறுபடியும் பாடசாலைகளில் தங்க நேர்ந்ததை நாம் மறக்கலாகாது.

நாம் திரும்பி வந்தபோது பல சிறுகுளங்களின் கட்டுகள் காடுபற்றிக் கிடந்தன. கட்டில் வளர்ந்த மரம் பட்டுப்போனால் அதன் வேர் உக்கிய இடத்தில் துளை விழும். எலியும் முள்ளம்பன்றியும் தோண்டிய வளைகளாலும் தண்ணீர் கசியும். கசிவு பெருகினால் கட்டு உடையும். நம் குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாய் அமைந்தவை. மேற்குளம் உடைந்தால் அந்தத் தண்ணீர் முழுவதும் கீழ்க்குளத்தின் கட்டில் மோதும்.

நம் தவறுகளையும் ஒப்புக்கொள்வோம். சிறுபோகத்துக்கு இன்னும் கொஞ்சத் தண்ணீர் கிடைக்குமென்று வானை மண்மூடைகளால் உயர்த்துகிறோம். வான்பாயும் வழியை மறித்து விதைக்கிறோம். அதனால் வரும் வெள்ளம் நம் வீட்டைவிட, கீழே புதிதாய்க் குடியேறிய குடும்பத்தின் வீட்டுக்கே முதலில் போகிறது.

2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின்படி அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைக்கப்பட்டது. அதன் அறிவித்தல்கள் தேவையானவை. ஆனால் நம் குளக்கட்டில் எங்கே கசிகிறது என்பதைக் கொழும்பிலிருந்து பார்க்க முடியாது. வெள்ளத்தின் பின் நிவாரண வரிசையில் நிற்கும் நாம், வெள்ளத்தின் முன் கூடிப் பேச வேண்டும்.

ஆவணியில் குளம் வற்றியிருக்கும்போது ஊரார் கட்டின்மேல் ஒருமுறை நடக்கட்டும். முதியவர்களும் இளையோரும் சேர்ந்தே நடக்கட்டும். கண்ட பழுதை, 200 ஏக்கருக்கு உட்பட்ட பாசனக் குளமென்றால் கமக்காரர் அமைப்பின் மூலம் கமநல சேவை நிலையத்துக்கு எழுத்தில் கொடுப்போம். காலபோகக் கூட்டத்தில் விதைப்புத் திகதியோடு, வெள்ளம் வந்தால் எந்த மேட்டுக்குப் போவது, நடக்க முடியாதவரை யார் தூக்குவது, கட்டிநிற்கும் மாடுகளை யார் அவிழ்த்துவிடுவது என்பதையும் தீர்மானிப்போம். விதைநெல்லை ஒரே வீட்டில் வைக்காது, ஒரு பங்கை மேட்டிலுள்ள உறவினரிடம் கொடுத்து வைப்போம். காணிப் பத்திரத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி வைப்போம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, யாராவது நமக்கு வீட்டுத்திட்டம் தர வந்தால், "கூரை என்ன?" என்று கேட்குமுன், "இந்தக் காணியில் மாரியில் தண்ணீர் நிற்குமா?" என்று கேட்போம். அதைக் கேட்பது நன்றிகெட்டதனமல்ல, நம் உரிமை. தருகிறவர்களும், நம்மைப் போன்ற பணியாளர்களும், அந்த ஊரின் மூத்தவரிடம் விசாரித்த பின்பே முதற்கல்லை வைக்க வேண்டும். அன்று அந்தப் பெரியவரை நாம் கேட்டிருந்தால், அந்தக் கார்த்திகை இரவு பிள்ளைகள் தங்கள் பாயிலேயே உறங்கியிருப்பார்கள்.