திரை இருண்டு திரும்புகிறதா? கிராஃபிக்ஸ் கார்டைத் தூக்கிப் போடும் முன் இதைப் படியுங்கள்!

இரவு 11 மணி. மறுநாள் காலை கல்யாண ஆல்பத்தை பிரஸ்ஸுக்கு அனுப்பியாக வேண்டும். போட்டோஷாப்பில் கடைசிப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போது மானிட்டர் சட்டென்று கறுப்பாகிறது. இரண்டு நொடியில் திரை வந்துவிடுகிறது. போட்டோஷாப் மட்டும் க்ளோஸ் ஆகியிருக்கிறது. மறுநாள் சர்வீஸ் கடையில் சொல்லும் பதில், "எட்டு வருஷ சிஸ்டம்ணே, கார்டு போயிடுச்சு. புதுசா வாங்கிடுங்க!"

பழைய டெஸ்க்டாப்பை நம்பிப் பிழைக்கும் பலருக்கும் இந்தக் காட்சி பழக்கமானதுதான். ஆனால், திரை இருண்டாலே கார்டு போய்விட்டது என்று அர்த்தமில்லை. தூசி, டிரைவர், பவர் சப்ளை என மூன்று சந்தேக நபர்கள் அதற்கு முன்னால் நிற்கிறார்கள்.

அந்த இரண்டு நொடியில் என்ன நடக்கிறது?

கொடுத்த வேலைக்கு கிராஃபிக்ஸ் கார்டு பதில் சொல்கிறதா என்று விண்டோஸ் கவனித்துக்கொண்டே இருக்கும். 2 நொடிகளுக்கு மேல் பதில் இல்லை என்றால், கார்டை ரீசெட் செய்யும். திரை இருண்டு திரும்புவது அதனால்தான். ரீசெட்டும் பலிக்கவில்லை என்றால் 'வீடியோ டிடிஆர் ஃபெய்லியர்' என்ற வாசகத்துடன் நீலத்திரை வரும். இந்த 2 நொடி அவகாசத்தை ரெஜிஸ்ட்ரியில் நீட்டிக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. அது காய்ச்சலுக்கு மருந்து தராமல் தெர்மாமீட்டரை ஒளித்து வைப்பதுபோல!

எப்போது வருகிறது எனக் கவனியுங்கள்

* விண்டோஸ் வருவதற்கு முன்பே, பயாஸ் திரையிலேயே கோடுகளும் கட்டங்களும் தெரிந்தால், அது டிரைவர் பிரச்னை அல்ல. கேபிளையும் மானிட்டரையும் மாற்றிப் பார்த்தும் அப்படியே இருந்தால், கார்டின் மெமரி அல்லது சிப் பழுதாக இருக்க வாய்ப்பு அதிகம்.
* கேம், வீடியோ எடிட்டிங் போன்ற கனமான வேலையில் மட்டும் வந்தால், சூடு அல்லது பவர் சப்ளை.
* சும்மா யூடியூப் பார்க்கும்போதும் வந்தால், அல்லது அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கியிருந்தால், முதல் சந்தேகம் டிரைவர்.

செலவில்லாத வேலைகள் முதலில்

1. தூசி: பிளக்கைப் பிடுங்கிவிட்டு கேபினெட்டைத் திறக்கவும். கேபினெட்டின் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கினால், உடலில் உள்ள ஸ்டாட்டிக் மின்சாரம் வெளியேறிவிடும். ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதவும். ஸ்லாட்டின் லாக்கை விடுவித்து கார்டைக் கழற்றி, மீண்டும் அழுத்திப் பொருத்தவும். இதிலேயே சரியானவை ஏராளம்.

2. சூடு: டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் ஜிபியு வெப்பநிலை தெரியும். வேலை நடக்கும்போது 70 முதல் 80 டிகிரி இயல்பு. 90-ஐ நெருங்கினால், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

3. டிரைவர்: புதிய டிரைவர்தான் நல்லது என்பது பழைய கார்டுகளுக்கு எப்போதும் பொருந்தாது. டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக்' செய்து பாருங்கள். முடியவில்லை என்றால், சேஃப் மோடில் 'டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்' என்ற இலவச மென்பொருளால் முழுவதும் நீக்கிவிட்டு, முன்பு நன்றாக ஓடிய பதிப்பைப் போடலாம். ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 1050 டிஐ, 1060 போன்றவற்றுக்கு வழக்கமான டிரைவர் அப்டேட்களை 2025 அக்டோபருடன் நிறுத்துவதாக என்விடியா அறிவித்தது. பாதுகாப்பு அப்டேட்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை உண்டு.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். மூன்றையும் ஒரே நாளில் செய்தால், எது குணமாக்கியது என்றே தெரியாது.

மறந்துபோகும் குற்றவாளி

மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்து ஒரு கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட்ஸ்தான் கிடைக்கும். ஜிடிஎக்ஸ் 1060 கேட்பதோ 120 வாட்ஸ். மீதி, எஸ்எம்பிஎஸ்-ஸிலிருந்து தனி ஒயரில் வர வேண்டும். பல வருடங்கள் ஓடிய எஸ்எம்பிஎஸ்-ஸின் கெப்பாசிட்டர்கள் தளர்ந்திருந்தால், கனமான வேலையின்போது தேவையான மின்சாரம் சீராக வராது. பழி மட்டும் கார்டின் மேல்! கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "வேற எஸ்எம்பிஎஸ் மாட்டிப் பார்த்தீங்களா?" என்பதுதான்.

கடைசிச் சோதனை

பிராசஸரில் உள்ளடங்கிய கிராஃபிக்ஸ் இருந்தால், கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகி இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். (மாடல் எண் 'எஃப்' என்று முடியும் இன்டெல் பிராசஸர்களில் இந்த வசதி இல்லை.) பிரச்னை வராவிட்டால், கார்டை வேறொரு சிஸ்டத்தில் மாட்டிச் சோதியுங்கள். அங்கும் அதே தொல்லை என்றால், பழுது கார்டில்தான். அங்கே நன்றாக ஓடினால், உங்கள் எஸ்எம்பிஎஸ்-ஸைப் பாருங்கள்.

கார்டை அவனில் வைத்துச் சூடாக்கும் 'வைத்தியம்' வேண்டவே வேண்டாம். சரியானதுபோல் தோன்றினாலும் பெரும்பாலும் சில வாரங்களில் திரும்ப மக்கர் செய்யும். சமைக்கும் அவனில் ரசாயனப் புகையும் படியும்.

ஒரு ஆறுதல்... கிராஃபிக்ஸ் கார்டு போனாலும், அதனால் ஹார்டு டிஸ்க்கில் உள்ள போட்டோக்கள் அழியாது. டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி எடுத்துவிடலாம். ஆனால், வேலையின் நடுவே சிஸ்டம் திடீர் திடீரென நின்றால், திறந்திருக்கும் ஃபைல் கெட்டுப்போகலாம். எனவே, ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவதற்கு முன், பென் டிரைவைத் தேடுங்கள்!