மழை பொய்த்தால் பழி யாருக்கு?



மழை பொய்க்கும் ஆண்டுகளில் செய்தித்தாள்கள் 'எல் நினோ' என்னும் பெயரைத் தவறாமல் எழுதுகின்றன. படிப்போரும், "எல்லாம் அதனால் வந்த வினை" என்று கூறி அமைந்துவிடுகின்றனர். இவ்வாறு ஒரு பெயரின்மீது முழுப் பழியையும் சுமத்துவது முறையன்று என்பது என் கருத்து.

எல் நினோ என்பது யாது? பசிபிக் பெருங்கடலின் நிலநடுக்கோட்டுப் பகுதியில் வியாபாரக் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசுகிறது. அது வெப்பமான மேல்நீரை இந்தோனேசியாவின் பக்கம் தள்ளிச் சேர்க்கிறது. தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக் கரையிலோ ஆழத்துக் குளிர்நீர் மேலெழுகிறது. சில ஆண்டுகளில் இக்காற்று தளர, வெப்பநீர் கிழக்கு நோக்கி நகர்கிறது. அதனால் காற்று மேலும் தளர்கிறது. காற்று தளரத் தளரக் கிழக்குக் கடல் மேலும் வெம்மையுறுகிறது. இதுவே எல் நினோ. கிறித்துமஸ் காலத்தையொட்டி இவ்வெம்மையைக் கண்ட பெரு நாட்டு மீனவர், குழந்தை இயேசுவைக் குறிக்கும் இப்பெயரை இட்டனர். மாறாக, காற்று வலுத்துக் கிழக்குக் கடல் வழக்கத்தினும் குளிர்ந்தால் அது லா நினா.

எல் நினோ ஆண்டுகளில் நம் நாட்டின் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குறைகிறது. ஆயினும் எப்பொழுதும் அவ்வாறு நிகழ்வதில்லை. 1997ஆம் ஆண்டின் எல் நினோ மிக வலிமை வாய்ந்தது. எனினும் அவ்வாண்டு பருவமழை குறையவில்லை. அப்பொழுது இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி வெம்மையுற்றும் கிழக்குப் பகுதி குளிர்ந்தும் இருந்தன. 'இருமுனை' எனப்படும் இந்நிலை மழைக்குத் துணைநின்றது என அறிஞர் கருதுகின்றனர். அதனினும் வலிமை குறைந்த எல் நினோ நிலவிய 2002ஆம் ஆண்டிலோ மழை ஏறத்தாழ 19 விழுக்காடு குறைந்தது.

2015ஆம் ஆண்டை நோக்குங்கள். வலிய எல் நினோ நிலவியது. தென்மேற்குப் பருவமழை 14 விழுக்காடு குறைந்தது. மராட்டிய மாநிலத்து லாத்தூர் நகருக்கு 2016 ஏப்ரலில் தொடர்வண்டியில் குடிநீர் கொண்டுசெல்ல நேர்ந்தது. ஆனால் 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. எல் நினோ ஆண்டுகளில் தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை மிகுதியாகப் பெய்வதுண்டு. ஒரே கடலின் வெம்மை ஓரிடத்தில் வறட்சிக்கும் மற்றோரிடத்தில் வெள்ளத்திற்கும் துணைபோயிற்று.

எனினும் இவ்விரு துயரங்களுக்கும் கடல் மட்டுமா காரணம்? வறண்ட மராத்வாடா நிலத்தில் நீரை மிகுதியாக உறிஞ்சும் கரும்பைப் பயிரிட்டவர் யார்? சென்னையின் ஏரிகளையும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் சுருக்கிக் கட்டடங்கள் எழுப்பியவர் யார்? கடலும் காற்றும் மழையின் அளவை மாற்றலாம்; பெய்த மழையைக் காப்பதும் கெடுப்பதும் மனிதர் செயலே.

"கடலை நாம் என்ன செய்ய இயலும்?" எனச் சிலர் வினவலாம். கடலை மாற்ற இயலாது. ஆயின் எல் நினோவின் அறிகுறிகள் பல திங்கள்களுக்கு முன்பே தெரிகின்றன. ஏரியைத் தூர்வாரவும் ஏற்ற பயிரைத் தெரிந்தெடுக்கவும் அக்காலம் போதுமானது. முன்னறிவிப்பைப் பெற்றும் வாளாவிருந்துவிட்டுப் பின்னர்க் கடலைப் பழிப்பது அறமாகாது.

மாணவர்களே, ஊரிலுள்ள தாத்தா பாட்டியுடன் தொலைபேசியில் பேசும்பொழுது அங்கு மழை பெய்ததா, ஏரி நிரம்பியதா எனக் கேளுங்கள். நீங்கள் வாழும் நகரின் மழையையும் அதனருகே குறித்து வையுங்கள். ஓராண்டு நிறைவில் அவ்விரு குறிப்புகளையும் வகுப்பில் ஒப்பிட்டுப் பேசுவோம்.