ஸ்பிரிங் பலகையும் நம் முழங்காலும்



முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் தங்கையை அவள் மகள் பிலாட்டிஸ் ரிஃபார்மர் வகுப்பில் சேர்த்ததும், "இந்த வயசுல எதுக்கு? ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க" என்று குடும்பக் குழுவில் நாலைந்து பேர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் வீட்டுப் பெரியவர்களைக் கட்டிலோடு கட்டிப்போடுவது இந்த 'ரெஸ்ட்'தான். 65 வயதைத் தாண்டியவர்களும் வாரத்தில் 2 நாளாவது தசை வலுவுக்கான பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடைப்பயிற்சி மட்டும் அதற்குப் போதாது.

ரிஃபார்மர் என்றால் மிரள வேண்டாம். கட்டில் மாதிரி ஒரு சட்டம், அதில் முன்னும் பின்னும் ஓடும் பலகை, அதை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள், கால் வைக்க ஒரு கம்பி. மல்லாந்து படுத்து கம்பியைக் காலால் உதைத்தால் பலகை நகரும். என்னிடம் இயற்பியல் படித்தவர்களுக்கு ஹூக் விதி ஞாபகம் இருக்கும்: நீட்ட நீட்ட இழுவிசை கூடும். நின்றுகொண்டு செய்தால் உடம்பின் பாரத்தை முழங்கால் சுமந்தே ஆக வேண்டும். படுத்துவிட்டால் அந்தப் பாரம் பலகைக்குப் போய்விடுகிறது; தசைக்கு எவ்வளவு வேலை என்பதை ஸ்பிரிங்கைக் கூட்டியோ குறைத்தோ நாமே தீர்மானிக்கலாம். (சில பயிற்சிகளில் ஸ்பிரிங்கைக் குறைத்தால்தான் சிரமம். பலகை ஆடும், வயிற்றுத் தசைதான் பிடித்து நிறுத்த வேண்டும்!) திரும்பும்போது பலகை 'டம்'மென்று மோதாமல் மெதுவாக விட வேண்டும். படி இறங்கும்போது தொடைத் தசை செய்வதும் இதே வேலைதான். ஏறுவதைவிட இறங்கத்தானே நம்மவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள்?

இதை உருவாக்கிய ஜோசப் பிலாட்டிஸ் 1883-இல் ஜெர்மனியில் பிறந்தவர். முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் முகாமில் அடைக்கப்பட்டிருந்தார். அங்கே நோயாளிகளின் கட்டிலில் ஸ்பிரிங் மாட்டியதுதான் தொடக்கம் என்று ஒரு கதை சொல்வார்கள்.

அதற்காக இது மாயமந்திரமும் இல்லை. முதுகுவலிக்கு பிலாட்டிஸ் பற்றிய ஆய்வுகளை 2015-இல் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. சும்மா இருப்பதைவிட நல்லது. மற்ற உடற்பயிற்சிகளைவிட மேல் என்பதற்கு உறுதியான ஆதாரமில்லை. ஆகவே கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள் ஏங்க வேண்டாம். நாற்காலியில் கையூன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுந்தாலும் தொடைக்கு வேலைதான்.

சேர்வதாக இருந்தால் முதலில் அறுவை செய்த மருத்துவரையும் பிசியோதெரபிஸ்டையும் கேளுங்கள். எலும்பு மெலிந்தவர்கள் முதுகை முன்னால் வளைக்கும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். அதைப் பணம் கட்டுவதற்கு முன்பே பயிற்சியாளரிடம் சொல்லிவிடுங்கள். "எல்லாருக்கும் ஒரே பயிற்சிதான்" என்று அவர் சொன்னால் வேறு இடம் பாருங்கள்.