திராவிடர் தரப்பை எடுத்தால் மட்டும் வெல்ல முடியாது

கொஞ்சம் நீளமான பதிவு. எங்கட ஊர்ப் பெற்றாரும், சனசமூக நிலைய நிர்வாகத்தில் இருக்கிற அண்ணைமாரும், பெடியளும் கட்டாயம் வாசிக்க வேணும். திட்டுறதெண்டாலும் முழுக்க வாசிச்சிட்டுத் திட்டுங்கோ.

நிலையத்துக் கணினிகளில் பின்னேரங்களில் பெடியள் 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2' விளையாடுவதை நிப்பாட்ட வேணும் என்று ஒரு கதை போகிறது. போன மாதம் நடந்த வாய்ச்சண்டைதான் காரணம். ஒரு பெடியன் கீபோட்டைத் தூக்கி மேசையில் அடித்ததும் உண்மை. ஆனால் எதற்காகச் சண்டை வந்தது என்று நிர்வாகத்தில் ஒருவரும் கேட்கவில்லை. 'திராவிடர்' என்ற தரப்பை எடுத்து விளையாடியவர்கள் தொடர்ந்து தோற்றார்கள். தோற்றவுடன் "விளையாட்டைச் செய்தவங்கள் வேணுமெண்டே எங்கட ஆக்களைப் பலவீனமாக்கி வைச்சிருக்கிறாங்கள்" என்றார்கள். மற்றவர்கள் சிரித்தார்கள். அதிலிருந்து தொடங்கியது.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளையாட்டை நிப்பாட்டக் கூடாது. ஆனால் பெடியள் இப்போது விளையாடுகிற மாதிரியும் விளையாடக் கூடாது. இரண்டு பக்கத்துக்கும் என்னில் கோபம் வரும், பரவாயில்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக ஒரு விளக்கம். இது 1999இல் வந்த விளையாட்டு. 2019இல் புதுப்பித்து மீண்டும் வெளியிட்டார்கள். வழமையாக மூன்று கிராமத்தவரோடும் ஒரு வேவுக்காரனோடும் ஆட்டம் தொடங்கும். உணவு, மரம், தங்கம், கல் சேர்த்து, ஊரைக் கட்டி, நான்கு காலகட்டங்களைத் தாண்டி, படை திரட்டி எதிராளியை வீழ்த்த வேண்டும். சதுரங்கத்தில் இரண்டு பக்கத்துக்கும் அதே 16 காய்கள். இதில் அப்படி இல்லை. பிராங்குகள், மங்கோலியர், துருக்கியர், மாயர் என்று ஒவ்வொரு தரப்புக்கும் வேறு பலம், வேறு குறை. 2022 ஏப்ரல் 28ஆம் திகதி வெளிவந்த 'டைனஸ்டீஸ் ஒஃப் இந்தியா' என்ற இணைப்பில் திராவிடர், வங்காளிகள், கூர்ஜரர் என மூன்று புதிய தரப்புகள் வந்தன. அதுவரை 'இந்தியர்' என்றிருந்த தரப்பு 'ஹிந்துஸ்தானிகள்' என்று பெயர் மாறியது. அத்தோடு மொத்தம் 42 தரப்புகள். திராவிடர் தரப்பின் கிராமத்தவனைத் தொட்டால் தமிழில் பதில் சொல்லுவான். முதலாம் இராஜேந்திர சோழனின் படையெடுப்புகளை வைத்து ஒரு தனிக் கதைத்தொடரும் உண்டு.

உலகம் முழுக்க விளையாடுகிற ஒரு விளையாட்டில் எங்கள் மொழி கேட்கும்போது பெடியளுக்கு வருகிற சந்தோசத்தை நான் குறை சொல்லமாட்டேன். எனக்கும் சந்தோசம்தான். ஆனால் அந்தச் சந்தோசத்தோடு கற்றல் முடிந்துவிட்டது. "இது எங்கட தரப்பு, எங்களுக்குப் படிக்கத் தேவையில்லை" என்ற மாதிரி நேரே களத்தில் இறங்கினார்கள். அங்கேதான் பிழைத்தது.

இவர்களில் அநேகமானவர்கள் இந்த விளையாட்டைப் பிராங்குகளோடு பழகியவர்கள். பிராங்குகளின் குதிரைப்படைக்கு 20 வீதம் கூடுதல் உயிர்வலு. ஆலைத் தொழினுட்பங்கள் அவர்களுக்கு இலவசம். அதனால் வழி நேரானது. மூன்றாம் காலகட்டத்துக்குப் போ, நைட் என்ற கவசக் குதிரைவீரர்களைக் குவி, எதிராளியின் கிராமத்தவர்களுக்குள் புகுந்து அடி, ஆபத்தென்றால் ஓடி வா. இதையே நூறு தடவை செய்து கை பழகிவிட்டது. அதே கையோடு திராவிடரை எடுத்துக் குதிரை இலாயத்தைத் திறந்தால், நைட் இல்லை. அந்தப் பொத்தானே இல்லை. அந்த இடத்தில் பெடியன் திகைத்து நிற்கிறான். எதிராளி நிற்கவில்லை.

கல்வியியற் கல்லூரியில் கற்றல் இடமாற்றம் என்று ஒரு பாடம் படித்தோம். முன்பு கற்றது புதியதைக் கற்க உதவும். சில நேரம் அதுவே குறுக்கே நிற்கும். எல்லே விளையாடிப் பழகிய பிள்ளையை முதன்முதலாகக் கிரிக்கெட் துடுப்போடு நிறுத்திப் பாருங்கள். மட்டையைக் குறுக்காக வீசி, ஸ்டம்ப் பறக்க நிற்பான். அவனுக்குத் திறமை இல்லாமல் இல்லை. பழைய திறமை அவனைப் பிழையான இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறது. புதிய தரப்பைக் கற்பதும் அதுதான். முதல் வேலை, பழைய கையைக் கட்டுவது.

இனி "வேணுமெண்டே பலவீனமாக்கினவங்கள்" என்ற கதைக்கு வருகிறேன். தம்பிமாரே, மாயருக்கும் அஸ்டெக்குகளுக்கும் இந்த விளையாட்டில் குதிரை இலாயமே கிடையாது. உங்களுக்கு நைட் மட்டும்தான் இல்லை. அவர்களுக்கு ஒரு குதிரைகூட இல்லை. அப்படியிருந்தும் அந்த இரண்டு தரப்பும் நீண்ட காலமாகப் பலமான தரப்புகளாக மதிக்கப்படுகின்றன. யாராவது ஒரு மெக்சிகோ பெடியன் "எங்கட ஆக்களுக்குக் குதிரை தரேல்லை" என்று கீபோட்டை அடித்தானா? குறை எல்லாத் தரப்பிலும் இருக்கிறது. அந்தக் குறையைச் சுற்றி என்ன தந்திருக்கிறார்கள் என்று தேடிப் பார்ப்பதுதான் படிப்பு.

திராவிடருக்கு என்ன தந்திருக்கிறார்கள்? அந்தத் தரப்பு வெளிவந்தபோது இருந்த விதிகளைச் சொல்கிறேன். திருத்தங்களில் சில மாறலாம், நீங்களே சரிபாருங்கள். ஒவ்வொரு காலகட்டத்துக்குள் நுழையும்போதும் 200 மரம் சும்மா கிடைக்கும். காலாட்கூடத்துத் தொழினுட்பங்கள் பாதி விலை. ஈட்டி எறிவோரும் யானை வில்லாளரும் 25 வீதம் வேகமாகத் தாக்குவார்கள். முற்றுகைக் கருவிகளுக்கு மரச்செலவு மூன்றில் ஒரு பங்கு குறைவு. மீன்பிடிப் படகு ஒரு தடவையில் கூடுதலாக 15 உணவு சுமக்கும். பிற்பகுதியில் எதிராளியின் கவசத்தைக் கணக்கெடுக்காமல் வெட்டுகிற உருக்குத் தொழினுட்பம் ஒன்றும் உண்டு.

இதில் 200 மரத்தை மட்டும் எடுத்துப் பார்ப்போம். வயல் ஒன்றுக்கு 60 மரம். ஆகவே 200க்கு மூன்று வயல், மிச்சம் 20. வில்லாளர் கூடம் 175, வீடு 25. இரண்டையும் கூட்டினால் சரியாக 200. அப்படியென்றால் இரண்டாம் காலகட்டத்துக்குள் நுழைந்த அதே கணம் கூடமும் வீடும் எழும்பத் தொடங்க வேண்டும், ஈட்டி எறிவோர் எதிராளிக்கு முதல் வெளியில் வர வேண்டும். நைட் வைத்திருப்பவன் மூன்றாம் காலகட்டத்தில் பலமாகிவிடுவான் என்பது தெரிந்தது. அப்ப அவனை அதற்கு முதலே கரைச்சல்படுத்த வேண்டும். அவன் குதிரைகளோடு வரும்போது தங்கம் தேவைப்படாத ஈட்டிவீரர் எங்களிடம் தயாராக நிற்க வேண்டும். எங்களுக்கு ஓடித் தப்புகிற வேகம் இல்லை. ஆகவே தூரத்தில் போய்ச் சண்டை பிடிக்காமல், காலாட்களையும் முற்றுகைக் கருவிகளையும் சேர்த்தே நகர்த்த வேண்டும். திறந்த தரையில் இது கஷ்டம். தண்ணீர் உள்ள வரைபடத்தில் இதே தரப்புக்கு வேறு முகம்.

இவ்வளவும் ஒரு தவணைப் பாடத்துக்கு வேண்டிய சிந்தனை. சண்டை பிடித்த பெடியளிடம் 200 மரத்தை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஒருவனுக்கும் ஞாபகம் இல்லை. "வந்தது சேர், செலவழிஞ்சிட்டுது" என்றான் ஒருவன். இராஜேந்திரன் கடல் கடந்து கடாரம் வரை போனது இவனுக்குத் தெரியும். தன் கையில் வந்த 200 மரம் எங்கே போனது தெரியாது. பெருமை கணக்குப் பார்க்காது. இதை நான் பெடியளுக்கு மட்டும் சொல்லவில்லை.

உலகத் தரத்தில் விளையாடுகிறவர்களைப் பாருங்கள். 'த வைப்பர்' என்ற பெயரில் விளையாடும் ஓர்யான் லார்சன் நோர்வேக்காரர். வைக்கிங்குகள் இந்த விளையாட்டில் ஒரு தரப்பு. ஆனால் "எங்கட முன்னோர்" என்று அவர் வைக்கிங்குகளை மட்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கவில்லை. இருந்தால் வெல்லவும் முடியாது. பெரிய போட்டிகளில் ஆட்டத்துக்கு முன் தரப்புகளைத் தெரிவு செய்வதும் தடை செய்வதும் நடக்கும். எதிராளி உங்கள் ஒரே தரப்பைத் தடை செய்துவிட்டால் கதை முடிந்தது. ஒருமுறை ஆடிய தரப்பைத் திரும்ப எடுக்க முடியாத போட்டிகளும் பல. ஆகவே அங்கே நிற்கிறவன் மற்றவர்களின் தரப்புகளையும் உள்ளே இருந்து அறிந்தவன்.

எங்கட பெடியள் ஏன் அப்படிப் பழகுவதில்லை? தோற்றால் புள்ளி குறையும் என்ற பயம். அதற்குப் பெடியளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தரம் 5 புலமைப்பரிசிலில் இருந்து வெட்டுப்புள்ளி, வெட்டுப்புள்ளி என்று வளர்த்தவர்கள் நாங்கள். கடந்தகால வினாத்தாளில் வந்த கேள்வி திரும்ப வந்தால் முழுப் புள்ளி, கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் "வினாத்தாள் கஷ்டம்" என்று பெற்றாரும் சேர்ந்து அழுகிறோம். நைட் பொத்தானைக் காணாமல் திகைத்த பெடியனும் அந்தப் பரீட்சை மண்டபத்தில் திகைத்த பிள்ளையும் ஒருவரேதான்.

இப்போது மூத்தவர்களின் பக்கம். ஒரு ஐயா என்னிடம் கேட்டார்: "தம்பி, சண்டையால இடம்பெயர்ந்து அலைஞ்ச ஊரிலை பிள்ளைகளுக்குச் சண்டை விளையாட்டு வேணுமோ?" அந்தக் கேள்விக்கு நான் தலைவணங்குகிறேன். அது லேசாகக் கேட்ட கேள்வி அல்ல. ஆனால் ஐயா, நான் பயப்படுவது திரையில் வருகிற யானைக்கும் வாளுக்கும் அல்ல. சதுரங்கத்திலும் யானையும் குதிரையும் இருக்கின்றன. நான் பயப்படுவது "எங்கட ஆக்கள்" என்று அந்தப் பெடியன் சொன்ன சொல்லுக்கு.

சண்டை நடந்த அன்று ஒரு பிள்ளை, கெட்ட எண்ணம் இல்லாமல், சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னான்: "சேர், நீங்கள் சரசன் எடுங்கோ, அது உங்கட ஆக்கள்தானே." அந்த விளையாட்டில் சரசன் வீரன் பேசுவது அரபு. தொழுகையில் ஓதுகிற அரபு எனக்குத் தெரியும், அந்த வீரன் பேசுவது எனக்கு விளங்காது. திராவிடக் கிராமத்தவன் சொல்வதுதான் ஒரு சொல் விடாமல் விளங்கும், ஏனென்றால் என்ர உம்மா என்னோடு பேசிய மொழி அது. இதை அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். அவன் யோசித்தான். யோசித்ததே எனக்குப் போதும்.

யார் எங்கட ஆக்கள், யார் இல்லை என்ற கணக்குக்கு இந்தக் குடாநாட்டில் எல்லா வீடும் விலை கொடுத்திருக்கிறது. 1990 என்ற ஆண்டைத் தெல்லிப்பழைக்காரருக்கும் விளக்கத் தேவையில்லை, யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கும் விளக்கத் தேவையில்லை. அப்படிப்பட்ட ஊரில், ஒரு பிள்ளை இன்றைக்குத் திராவிடராகவும் நாளைக்கு வங்காளியாகவும் அடுத்த நாள் துருக்கியனாகவும் இருந்து, அந்தந்த இடத்தில் நின்று எது கஷ்டம், எது பலம் என்று யோசிக்கப் பழகுவது கெட்ட காரியமா? நிப்பாட்டினால் சண்டை நிற்கும். இந்தப் பழக்கமும் சேர்ந்து நிற்கும். பெடியள் வீட்டில் ஆளுக்கொரு போனோடு இருப்பார்கள், அங்கே இதைக் கேட்க ஒரு ஆசிரியரும் இருக்கமாட்டார்.

ஆகவே நிர்வாகத்திடம் என் கோரிக்கைகள்:

1. கணினிகளை மூட வேண்டாம். கிழமையில் இரண்டு பின்னேரம், ரியூசன் இல்லாத நாட்களில், நேரம் குறித்து விடுங்கள். மேற்பார்வைக்கு நான் வருகிறேன். கீபோட்டை அடித்தவன் ஒரு மாதம் பார்வையாளன், அவ்வளவுதான் தண்டனை.

2. ஒருவர் ஒரே தரப்பைத் தொடர்ந்து எடுக்க முடியாது. ஒரு மாதத்துக்கு ஒரு புதிய தரப்பு, சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். வந்த தரப்பு யாருடையதென்றாலும் அதுதான்.

3. புதிய தரப்பின் முதல் பத்து ஆட்டத்துக்குப் புள்ளி இல்லை. தோற்றால் தோற்றதுதான், சிரிப்பதற்கு அனுமதி இல்லை.

4. ஆடுவதற்கு முதல் ஒரு கொப்பியில் எழுத வேண்டும்: இந்தத் தரப்பில் எது இல்லை? அதற்குப் பதிலாக எது இருக்கிறது? தோற்ற பிறகு ஆட்டத்தின் பதிவைத் திரும்பப் போட்டுப் பார்த்து, எந்த நிமிடத்தில் கை பழைய பொத்தானைத் தேடியது என்று எழுத வேண்டும். விளையாட்டே பதிவைச் சேமித்து வைக்கிறது, செலவு ஒன்றும் இல்லை.

பெடியளுக்குக் கடைசியாக ஒரு சொல். திராவிடரை எடுங்கோ, வேண்டாமென்று நான் சொல்லவில்லை. தமிழ்க் குரலைக் கேட்டுச் சந்தோசப்படுங்கோ. ஆனால் அந்தக் கிராமத்தவன் உங்களிடம் வேலை கேட்டு நிற்கிறான். மரம் வெட்டவா, வயல் போடவா என்று அவனுக்குச் சொல்ல உங்களுக்குத் தெரிய வேணும். அதைப் படிச்சிட்டு வாங்கோ, நானும் ஒரு ஆட்டம் வாறன். எனக்கு எந்தத் தரப்பு என்று சீட்டுக் குலுக்கிப் பார்ப்பம்.

நிர்வாகக் கூட்டம் வாற ஞாயிற்றுக்கிழமை. பெற்றார் வாங்கோ, இன்ஷா அல்லாஹ் நானும் வருவன். மறுப்பு இருக்கிறவர்கள் கீழே எழுதுங்கோ, எல்லாத்துக்கும் பதில் தருவன்.